மீன் தொட்டியில் வேலைநிறுத்தம்!

கண்ணாடித் தொட்டி வாங்கியாயிற்று. அடியில் வர்ணக் கற்கள் பரப்பியாயிற்று. மூலையில் காற்றுக் குழாய் முத்து முத்தாகக் குமிழி விடுகிறது. தங்க மீன் நான்கு, கப்பி மீன் ஆறு. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு வாரம் திருவிழாதான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை, தங்க மீன் ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மறுநாள் அது மிதக்கிறது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. குழந்தை அழுகிறது. பாட்டி கண் பட்டுவிட்டது என்கிறாள். தகப்பனார் கடைக்கு ஓடுகிறார்.

"என்னண்ணே இது? நேத்து ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு!"

"புதுத் தொட்டின்னா அப்படித்தான் சார். தண்ணியை முழுசா மாத்திட்டு, கல்லையும் பஞ்சையும் குழாயடியில நல்லா அலசிட்டு, புதுசா நாலு மீன் விடுங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

புதுத் தொட்டி என்றால் அப்படித்தான் என்பது உண்மை. கல்லையும் பஞ்சையும் அலசச் சொன்னாரே, அதுதான் வினை. அந்தக் கல்லிலும் பஞ்சிலும் அப்போதுதான் குடியேற ஆரம்பித்திருந்த கண்ணுக்குத் தெரியாத தொழிலாளர்களை அவர் சாக்கடையில் கொட்டச் சொல்லிவிட்டார். அவர்கள் இல்லாமல் எந்த மீன் தொட்டியும் ஒரு மாதம் தாங்காது.

இரண்டு கூட்டத்தார்

மீன் தின்ற தீனியில் உள்ள புரதச் சத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியே வருகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து மறைந்துவிடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? மீன் தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டியதுதான்.

இங்கேதான் பாக்டீரியாக்கள் வருகின்றன. முதல் கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அமோனியா விஷம், நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதலில்லை. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். இதைத்தான் நைட்ரஜன் சுழற்சி என்கிறார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு வெகு காலம் நைட்ரோபாக்டர் என்று பேர் சொல்லி வந்தார்கள். 1998-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே உண்மையில் வேலை செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு வகை என்று காட்டினார்கள். 2015-இல் இன்னொரு ஆச்சரியம்: நைட்ரோஸ்பைராவிலேயே சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு வேலையையும் தாமே செய்கின்றன என்று தெரிய வந்தது. ஆனாலும் வீட்டுத் தொட்டியைக் கவனிக்கிறவருக்கு இரண்டு கூட்டம் என்ற கணக்கே போதும்.

இவர்கள் தண்ணீரில் மிதப்பவர்கள் அல்லர். பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவர்கள். அதனால் தண்ணீரை மாற்றுவதால் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. பஞ்சை அலசுவதால்தான் நஷ்டம். அன்றியும் இவர்கள் நிதானமாகப் பெருகுகிறவர்கள். சாதாரண பாக்டீரியாக்களில் சில இருபது நிமிஷத்தில் இரட்டிப்பாகும். இவர்களுக்கு அதற்குப் பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

இருபது நாள் பொறுத்தவர்கள்

1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் மணலையும் சுண்ணாம்புக் கல் பொடியையும் கலந்து நிரப்பி, மேலிருந்து தினமும் சாக்கடை நீரை ஊற்றி வந்தார்கள். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஊற்றிய அமோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தோன்ற ஆரம்பித்தது. அமோனியா மறையத் தொடங்கியது. வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் இருபது நாள் சும்மா இருந்திருக்குமா? ஏதோ உயிர் வேலை செய்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். வேலை நின்றுவிட்டது. குளோரோபார்மை நீக்கிவிட்டுத் தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுபடியும் வேலை தொடங்கியது.

மீன் தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சோதனை இது. அவர்கள் இருபது நாள் பொறுத்ததையும், மணலோடு சுண்ணாம்புக் கல் கலந்ததையும், வேலை நின்றபோது வேறிடத்து வித்தைக் கொண்டுவந்து ஊற்றியதையும் நினைவில் வைத்துக்கொண்டால், நின்றுபோன தொட்டியைப் பற்றி இனிச் சொல்லப்போவதில் பாதி விளங்கிவிடும்.

உண்மையிலேயே நின்றதா?

விவரம் தெரிந்தவர்கள் இப்போது மீன் விடுவதற்கு முன்பே தொட்டியைப் பழக்குகிறார்கள். தண்ணீரில் அளவோடு அமோனியா கலந்து, பாக்டீரியா வளர விட்டு, பிறகே மீன் விடுகிறார்கள். அமோனியம் குளோரைடு என்ற உப்பு இதற்கு உதவும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உபயோகிக்கும் நவச்சாரம் இதுவேதான். ஆனால் பாத்திரக் கடை நவச்சாரத்தில் வேறு என்ன கலந்திருக்குமோ? ஆய்வுக்கூடத்துக்கு விற்கும் சுத்தமான உப்பே சிலாக்கியம். 50 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும்.

இப்படி ஆரம்பித்தவர்கள் பன்னிரண்டாவது நாளில், "சுழற்சி நின்றுவிட்டது!" என்று பதறுகிறார்கள். பன்னிரண்டு நாளில் எதுவும் நிற்கவில்லை, இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. அமோனியா இறங்கத் தொடங்க இரண்டு வாரம் பிடிப்பது சகஜம். பிறகு நைட்ரைட் ஏறி நிற்கும்; அது இறங்க இன்னும் இரண்டு மூன்று வாரம். மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் தண்ணீர் பால் போலக் கலங்கினால் அது வேறு ஜாதி பாக்டீரியாவின் கூத்து. தானே தெளிந்துவிடும்.

இன்னொன்று, சோதனைப் பெட்டி சொல்வதெல்லாம் உண்மையல்ல. நைட்ரேட் பார்ப்பதற்கு உள்ள மருந்துப் புட்டிகளில் ஒன்றில் தூள் அடியில் படிந்து இறுகிப்போயிருக்கும். அதை நன்றாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால், நைட்ரேட் நிறைய இருந்தும் இல்லை என்று காட்டும். இதற்கு நேர் மாறான ஏமாற்றமும் உண்டு. அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஆகவே தண்ணீரில் ஏற்கனவே நைட்ரைட் இருந்தால், அதையும் நைட்ரேட் கணக்கில் சேர்த்துவிடும். நைட்ரைட் தீரும் வரை நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம்.

நைட்ரைட் சோதனையிலும் ஒரு சங்கடம். பல பெட்டிகளின் வர்ண அட்டை 5 மில்லிகிராமோடு முடிந்துவிடும். தொட்டியில் 50 இருந்தாலும் 5 போலவே தெரியும். 50-லிருந்து 20-க்கு இறங்கினாலும் அதே நிறம்தான்! வீட்டுக்காரர் இரண்டு வாரமாக ஒரே நிறத்தைப் பார்த்து, நின்றுவிட்டது என்று முடிவு கட்டுகிறார். தொட்டி நீர் ஒரு பங்கு, வாலை நீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். வேலை நடக்கிறதா இல்லையா என்று அப்போது தெரியும்.

சுத்தமான தண்ணீரின் சூழ்ச்சி

நான்கைந்து வாரம் ஆகிவிட்டது, சோதனையும் சரியாகவே செய்தாயிற்று, இருந்தும் அமோனியாவோ நைட்ரைட்டோ இறங்கவில்லை. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது பி.எச். எண். நம் ஊர்களில் இதில்தான் அநேகர் சறுக்குகிறார்கள். அதற்குக் காரணம் மீன்மீது அவர்கள் வைத்திருக்கும் அன்பு!

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. ஆகவே மீனுக்காவது நல்ல தண்ணீர் கொடுப்போம் என்று, சமையலறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்துத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ தொட்டி நிறைய ஊற்றுகிறார்கள். அந்த இயந்திரம் உப்பை எடுக்கும்போது கார்பனேட் என்ற காரச் சத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. பாக்டீரியாக்களுக்கு அந்தச் சத்துத்தான் உயிர் நாடி.

கணக்கைப் பாருங்கள். பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரேட்டாக மாறுவதற்குள், ஏறக்குறைய 6 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரச் சத்து தீர்ந்துவிடுகிறது. தண்ணீரின் கார்பனேட் கடினத்தை டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். ஆக, 3 மில்லிகிராம் அமோனியா மாறினால் ஒரு டிகிரி போய்விடும். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு டிகிரி இருந்தாலே பெரிது. இரண்டு வேளை அமோனியா போட்டதும் கையிருப்புக் காலி. அதன் பிறகு உண்டாகும் அமிலத்தைத் தடுக்க ஆளில்லை. பி.எச். 7-லிருந்து மளமளவென்று இறங்குகிறது. 6.5-க்குக் கீழே வேலை மந்தமாகும். 6-ஐ நெருங்கினால் அநேகமாக நின்றேவிடும். பாத்திரத்தில் வெள்ளை படியச் செய்கிறது என்று நாம் திட்டிய அதே கிணற்றுத் தண்ணீரில் இந்தத் தொல்லை அநேகமாக வருவதேயில்லை.

மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. மீன் இல்லாத தொட்டியானால், 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். கடினம் ஏறக்குறைய மூன்று டிகிரி ஏறும். சில நாட்களில் அமோனியா மறுபடி இறங்கத் தொடங்கும். நீடித்த பரிகாரம் வேண்டுமானால், கடற்கரைக் கிளிஞ்சல்களைக் கொதிநீரில் அலசி, ஒரு துணிப் பையில் கட்டி, வடிகட்டிக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும். ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் மணலில் கலந்த சுண்ணாம்புக் கல்லின் வேலையை இங்கே கிளிஞ்சல் செய்கிறது.

மீன் இருக்கும் தொட்டியில் சோடாவைக் கொட்டாதீர்கள்! இது மிகவும் முக்கியம். அமிலத் தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற தீங்கில்லாத வடிவில் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில், பி.எச். 6 ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இல்லை. அதே தண்ணீரின் பி.எச். 8 ஆனால் நூற்றில் ஏழு பங்கு விஷமாகிவிடும். ஏறக்குறைய 90 மடங்கு! அதுவரை சோர்ந்து கிடந்தாலும் பிழைத்திருந்த மீன்கள், சோடா போட்ட ஒரு மணி நேரத்தில் செத்து மிதப்பது இதனால்தான். முதலில் அமோனியாவைக் குறைக்க வேண்டும். தினம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி அதைக் குறைத்துக்கொண்டே வந்து, பி.எச்.-ஐ மெதுவாக உயர்த்துவதே உத்தமம்.

விஷம் வைத்தது யார்?

பி.எச். நன்றாக இருந்தும் அமோனியா துளியும் இறங்காவிட்டால், தொழிலாளர்கள் செத்திருக்க வேண்டும் அல்லது வந்தே இருக்கக்கூடாது. யார் கொன்றது என்று விசாரியுங்கள். நகராட்சிக் குழாய் நீரில் கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறார்கள். அதற்கு நம் பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் கலந்த நீரானால் அவ்வளவு எளிதில் போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை விடத்தான் வேண்டும். கடைகளில் இதற்கு ஹைப்போ என்று படிகமாகவும் கொடுக்கிறார்கள். அது சோடியம் தயோசல்பேட். துப்புரவுச் சாமான் விற்கும் இடத்தில் ஹைப்போ என்று கேட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொடுத்துவிடுவார்கள். அது குளோரினேதான்! பேரில் பாதி ஒன்று. குணம் நேர் எதிர்.

இரண்டாவது குற்றவாளி மருந்து. மீன் கொஞ்சம் சோர்ந்தால் போதும், மெதிலீன் புளூ என்ற நீல மருந்தை நாலு சொட்டு விடுகிற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது இந்த பாக்டீரியாக்களையும் முடக்கும். சிகிச்சை வேண்டுமானால் நோயாளி மீனைத் தனி வாளிக்கு மாற்றிச் செய்யுங்கள்.

மூன்றாவது, மின்வெட்டு. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற நான்கு மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு வேண்டும். காற்று மோட்டார் நின்றால், பஞ்சுக்குள் இருக்கும் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். மூடிய டப்பா வடிகட்டியில் இன்னும் சீக்கிரம். நெடு நேரம் மின்சாரம் வராது என்று தெரிந்தால், பஞ்சை எடுத்து ஒரு தட்டில் ஈரமாக, காற்றுப் படும்படி வைப்பது நல்லது. வெப்ப நிலையைப் பற்றி நம் சமவெளி வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்குத்தான் குளிரால் தாமதமாகும்.

விசாரணை முடிந்ததும் வித்துக்கு வழி செய்யுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் உண்டா? அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் செருகுங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் உண்டு. சில வேலை செய்கின்றன. வெயிலில் வாரக்கணக்கில் கிடந்த புட்டியில் உயிர் மிச்சமிருக்குமா என்பது சந்தேகமே. புட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிட நண்பர் வீட்டுக்குப் போகும் பஸ் கட்டணம் குறைவு.

நைட்ரைட் மலை

அமோனியா போட்ட மறுநாளே காணாமல் போகிறது. நைட்ரைட் மட்டும் மாதக் கணக்கில் இறங்கவில்லை. முதல் கூட்டம் உழைக்கிறது, இரண்டாவது கூட்டம் திணறுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இது வீட்டுக்காரரின் ஆர்வக்கோளாறு. அமோனியா தீர்ந்ததே என்ற சந்தோஷத்தில் தினம் தினம் 4 மில்லிகிராம் போடுகிறார். ஒரு மில்லிகிராம் அமோனியா 2.7 மில்லிகிராம் நைட்ரைட்டாக மாறும். தினம் 11 மில்லிகிராம் நைட்ரைட் சேர்ந்தால், மெதுவாகப் பெருகும் இரண்டாவது கூட்டம் எப்படிச் சமாளிக்கும்?

அமோனியா போடுவதை நிறுத்துங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இன்னும் மிக அதிகமாக இருந்தால் மறுபடியும் மாற்றுங்கள். பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரே ஒரு மில்லிகிராம் வீதம் போட்டு, முதல் கூட்டத்தைப் பட்டினியின்றி வைத்தால் போதும். ஆர்.ஓ. தண்ணீராக இருந்தால் இன்னொரு குறையும் உண்டு: பாஸ்பேட் சத்து. எந்த உயிரும் அது இல்லாமல் பெருகாது. மீன் தீனியை ஒரு சிட்டிகை போடுங்கள். அது மக்கும்போது தேவையான பாஸ்பேட் கிடைத்துவிடும்.

தொட்டியில் ஏற்கனவே மீன் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுகிறது. ரத்தம் காப்பி நிறமாகிவிடும். காற்று மோட்டார் ஓடியும் மீன் மேலே வந்து வாயைத் திறப்பதன் காரணம் இதுவே. குளோரின் நீக்கிய தண்ணீரால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்தி, 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து விடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. இந்தக் குளோரைடு வேறு, குழாய் நீர்க் குளோரின் வேறு, பயப்பட வேண்டாம். பிறகு நைட்ரைட் அடங்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே வரவேண்டும். எடுத்த தண்ணீரோடு போன உப்பை, அந்த அளவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். புது மீன் ஒன்றுகூட வேண்டாம். பஞ்சைத் தொடவே வேண்டாம். அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒரு முறை பிழிந்து திரும்பப் போடுங்கள்.

மீன் இல்லாமல் பழக்குகிறவர்கள் எப்போது நிறுத்தலாம்? 2 மில்லிகிராம் அமோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படிக் காட்டினால், முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றி, சேர்ந்துள்ள நைட்ரேட்டை வெளியேற்றுங்கள். பி.எச். ஒரு முறை பாருங்கள். அன்றைக்கே மீன் விட வேண்டும். ஒரு வாரம் கழித்து என்றால் அதுவரை கொஞ்சம் அமோனியா போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். 50 லிட்டர் தொட்டிக்கு முதலில் நான்கைந்து கப்பி போதும். தங்க மீனுக்கு அந்தத் தொட்டி சிறியது. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.